அலுமாரியின் மேல் அமர்ந்திருந்த கவிஞர்

1928 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் திகதி மாலை, லெனின்கிராட் நகரின் பொந்தான்கா ஆற்றங்கரையிலிருந்த பத்திரிகை இல்லத்தில் ஓர் இலக்கிய நிகழ்ச்சி நடைபெற்றது. 'மூன்று இடதுசாரி மணித்தியாலங்கள்' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். முதல் மணித்தியாலம் கவிதைக்கு, இரண்டாவது நாடகத்துக்கு, மூன்றாவது திரைப்படத்துக்கு என்பது ஏற்பாடு. மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் கவிஞர் ஒருவர் மேடைக்கு நடந்து வருவார் என்று எதிர்பார்த்திருக்க, ஒரு பெரிய கறுப்பு அலுமாரி மேடைக்குள் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. அதன் உச்சியில், வாயில் புகைக்குழாயுடன் நெடிய இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அங்கிருந்தபடியே தமது கவிதைகளைப் படித்தார். அவருக்கு அப்போது வயது 22. பெயர் டானியில் கார்ம்ஸ்.

மறுநாள் 'கிராஸ்னயா கஸேத்தா' என்னும் பத்திரிகையின் மாலைப் பதிப்பில் அந்நிகழ்ச்சி பற்றிய விமர்சனம் வெளிவந்தது. அதன் தலைப்பு எவருக்கும் விளங்காத ஒரு சொல். நிகழ்ச்சியை நடத்திய குழுவினரின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை தலைகீழாக எழுதி, அதனையே தலைப்பாகப் போட்டிருந்தார்கள். விளங்காத கவிதைக்கு விளங்காத தலைப்பு! ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் உதவி ஆசிரியர் மேசையில் அமர்ந்து மற்றவர்களின் எழுத்துக்குத் தலைப்புப் போடும் தொழிலைத் தொடங்கியவன் என்ற முறையில், அந்தத் தலைப்பை முதன்முதலில் அறிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த கணமே அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாக இருக்கவில்லை. அதற்கு எனக்கென்று ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

எமது தலைமுறையினர் ருஷ்ய இலக்கியத்தோடு வளர்ந்தவர்கள். மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் நூல்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. கோர்க்கியையும் செக்கோவையும் தோல்ஸ்தோயையும் எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் போல அறிந்திருந்தோம். கவிதை என்றால் மயாகோவ்ஸ்கி. அதற்கப்பால் ருஷ்யாவில் வேறொரு கவிதை இருந்தது என்பதை எவரும் எமக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வழக்கம்போலக் கிளறிக்கொண்டிருந்தபோது, 'கறுப்புக் கோட்டு மனிதன்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஓர் ஆங்கிலத் தொகுப்பு கையில் அகப்பட்டது. ஜோர்ஜ் கிபியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மொழிபெயர்த்தது. துப்பறியும் கதை என்று நினைத்தே வாங்கினேன். பஸ்ஸில் இருந்தபடி முதல் சில பக்கங்களைப் படித்தேன். இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டேன்.

கார்ம்ஸின் இயற்பெயர் டானியில் இவானொவிச் யுவச்சொவ். 1905 டிசெம்பர் 30 இல் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். தந்தையார் இவான் யுவச்சொவ் கடற்படை அதிகாரியாக இருந்து, சார் மன்னருக்கு எதிரான 'மக்கள் விருப்பம்' என்ற இரகசிய இயக்கத்தில் இணைந்து, 1883 இல் கைதாகி, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது கடூழியச் சிறையாகக் குறைக்கப்பட்டு, சகலின் தீவுவரை சென்று மீண்டவர். சிறையில் கடவுளைக் கண்டவர். அப்படிப்பட்ட ஒருவரின் மகன் சோவியத் ஆட்சியில் செல்லப்பிள்ளையாக வாழ்ந்திருக்கவேண்டும் என்றுதான் நாம் நினைப்போம்.

மகனோ தமது பெயரையே முதலில் மாற்றிக்கொண்டார். நகரின் பழைய ஜேர்மன் பாடசாலையில் படித்தவர் ஆதலால் ஜேர்மனும் ஆங்கிலமும் தெரியும். ஆங்கிலத்தில் வசீகரத்தையும் தீங்கையும் குறிக்கும் இரு சொற்களை ஒன்றாகக் கலந்து 'கார்ம்ஸ்' என்று வைத்துக்கொண்டார் என்பர் சிலர். ஷேர்லொக் ஹோம்ஸ் மீதிருந்த பிரியத்தால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். ஹோம்ஸைப் போலப் புகைக்குழாயும், முழங்காலுக்குக் கீழே கட்டிய காற்சட்டையுமாகத் தோழர்கள் நிறைந்த அந்த நகர வீதிகளில் ஆங்கிலக் கனவானாக அவர் நடந்து திரிந்தார். கார்ம்ஸ் தவிர இன்னும் பல புனைபெயர்கள் அவருக்கு இருந்தன.

அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் ருஷ்யக் கவிதையில் 'ஸாஉம்' என்ற ஒரு போக்கு இருந்தது. 'அறிவுக்கு அப்பால்' என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறலாம். புரட்சிக்கு முன்னரே க்ளெப்னிகொவும் குருச்சொனிக்கும் தொடங்கிவைத்தது அது. சொல்லைப் பொருளிலிருந்து அவிழ்த்துவிட்டு, ஒலியை மட்டும் நடக்கவிடுவது. சிறுபிள்ளைகள் கைதட்டி விளையாடும்போது பொருளற்ற சொற்களைப் பாடுகிறார்களே, அதில் எவருக்கும் குறை தெரிவதில்லை. வளர்ந்தவர்கள் அதைச் செய்தால் மட்டும் கோபம் வருகிறது. கார்ம்ஸ் 1925 அளவில் இந்த வட்டத்தில் சேர்ந்தார். 1926 இலும் 1927 இலும் கவிஞர் சங்கத்தின் தொகுப்புகளில் ஒவ்வொரு கவிதை அச்சேறியது. வளர்ந்தவர்களுக்காக அவர் எழுதியவற்றில், உயிரோடு இருந்த காலத்தில் அவர் கண்ணால் அச்சில் கண்டவை அந்த இரண்டு கவிதைகள் மட்டுமே. இதனை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். இன்று உலக மொழிகள் பலவற்றில் படிக்கப்படும் ஓர் எழுத்தாளரின் அச்சு வாழ்க்கை இரண்டு பக்கங்களில் முடிந்துவிட்டது.

கறுப்புச் சதுரம் வரைந்த ஓவியர் மலேவிச் இந்த இளைஞர்களிடம் பரிவு கொண்டிருந்தார். 1927 இல் தமது நூலொன்றைக் கார்ம்ஸுக்குக் கொடுத்தபோது, போய் முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்துங்கள் என்ற பொருள்பட அதில் எழுதிக் கையெழுத்திட்டார். முன்னேற்றமே மதமாக இருந்த நாட்டில், முன்னேற்றத்தின் பெயராலேயே பதிப்பகம் நடத்திய நாட்டில், இப்படியொரு கையெழுத்து! மலேவிச் 1935 இல் காலமானபோது இறுதி நிகழ்வில் கார்ம்ஸ் கவிதை படித்து அக்கடனைத் தீர்த்தார்.

அலுமாரி நிகழ்ச்சியை நடத்திய குழுவுக்கு ஒபெரியு என்று பெயர். 'மெய்யான கலைக்கான சங்கம்' என்பதன் சுருக்கம். கார்ம்ஸுடன் விவெதென்ஸ்கி, ஸபொலோத்ஸ்கி, வாகினொவ் முதலியோர் அதில் இருந்தனர். அவர்களது அறிக்கையைப் படித்தால் ஒரு விடயம் வியப்பளிக்கும். ஸாஉம் போக்கையே அவர்கள் அதில் நிராகரிக்கிறார்கள். பொருளை ஒழிப்பது தங்கள் நோக்கமன்று என்கிறார்கள். பொருட்களின் மேல் காலங்காலமாகப் படிந்துள்ள இலக்கியப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் பொருளைக் காட்டுவதே தங்கள் வேலை என்கிறார்கள். அன்றிரவு மேடையேறிய கார்ம்ஸின் நாடகமான 'எலிஸவேத்தா பாம்' இதற்குச் சான்று. ஒரு பெண்ணைக் கைதுசெய்ய இருவர் கதவைத் தட்டுகிறார்கள். அவள் ஒரு கொலை செய்தவளாம். யாரைக் கொன்றாள் என்று பார்த்தால், கைதுசெய்ய வந்தவர்களில் ஒருவரைத்தான்! இடையில் எல்லோரும் பாடுகிறார்கள், வித்தை காட்டுகிறார்கள், வாள் சுழற்றுகிறார்கள். முடிவில் மீண்டும் கதவு தட்டப்படுகிறது. அவளைக் கொண்டு போகிறார்கள். 1927 டிசெம்பரில் எழுதப்பட்டது. பத்து வருடங்களின் பின் அந்நாட்டில் அதுவே அன்றாடச் செய்தியாயிற்று.

வயிற்றுப்பாட்டுக்குக் குழந்தை இலக்கியம் இருந்தது. நெவ்ஸ்கி வீதியில் புத்தக இல்லம் என்ற கட்டடத்தில் சமுயில் மர்ஷாக்கின் தலைமையில் இயங்கிய குழந்தைகள் பதிப்பகப் பிரிவு இவர்களுக்குப் புகலிடம் கொடுத்தது. 'முள்ளம்பன்றி', 'சிறுகுருவி' என்ற பொருள்தரும் பெயர்களோடு இரு சிறுவர் சஞ்சிகைகள் வெளிவந்தன. அவற்றில் கார்ம்ஸ் தொடர்ந்து எழுதினார். தமக்குக் குழந்தைகளைப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே திரிந்தவர் அவர். ஆனால் அவர் படிக்க எழுந்தால் மண்டபம் நிறைந்த சிறுவர்கள் ஆரவாரம் செய்வார்களாம். சிறுவர்களைக் கெஞ்சாத எழுத்தை அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் போலும்.

இனி நான் சொல்லவந்த பத்திரிகைக் கதைக்கு வருகிறேன். 1930 ஏப்ரில் முதலாம் திகதி லெனின்கிராட் பல்கலைக்கழக மாணவர் விடுதியொன்றில் ஒபெரியு குழுவினர் கவிதை படித்தார்கள். ஒரு வாரங்கழித்து, ஏப்ரில் 9 ஆம் திகதி, இளம் கம்யூனிஸ்டுகளின் பத்திரிகையான 'ஸ்மேனா'வில் எல். நில்விச் என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. பிற்போக்குச் செப்படிவித்தை என்று தலைப்பு. இலக்கியக் காடையர்கள் என்று உபதலைப்பில் ஒரு பட்டம். 1928 இன் விமர்சனம் கேலிதான் செய்தது. இதுவோ இவர்களது கவிதை வர்க்க எதிரியின் கவிதை என்று தீர்ப்பே எழுதிவிட்டது. அந்தக் கட்டுரைக்குப் பின்னர் ஒபெரியு ஒரு மேடையிலும் தோன்றவில்லை.

நில்விச் என்ன நினைத்து எழுதியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த விடயம் ஒன்றுண்டு. விளங்காத ஒன்றைப் பற்றி நூறு வரி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்கிறார். மாலை ஐந்து மணிக்குப் பக்கம் முடியவேண்டும். 'எனக்கு விளங்கவில்லை' என்று எழுதினால் நீ எதற்கு என்ற கேள்வி வரும். விளங்கவில்லை என்பதை எழுதியவரின் குற்றமாக மாற்றிவிட்டால் நூறு வரியும் தாமே வந்து விழுகின்றன. நில்விச் கொடியவராக இருந்திருக்கவேண்டிய அவசியமில்லை. கெட்டிக்காரராக இருந்திருந்தால் போதும்.

1931 டிசெம்பர் 10 இல் கார்ம்ஸும் விவெதென்ஸ்கியும் வேறு சிலரும் கைதானார்கள். சிறுவர் இலக்கியத்தில் சோவியத் எதிர்ப்புக் குழு என்று வழக்கு. விசாரணை ஆவணங்கள் பின்னாளில் வெளிவந்தன. இரகசியப் பொலிஸார் கவிதையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒலிக்கவிதைகள் மக்களைச் சோசலிச நிர்மாணத்திலிருந்து திசைதிருப்புகின்றன என்று அவற்றில் காணும்போது, பத்திரிகையில் தொடங்கிய விமர்சனத்தைப் பொலிஸ் நிலையம் தொடர்ந்து எழுதியதாகவே தோன்றுகிறது. மூன்றாண்டு முகாம் தண்டனை பின்னர் நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 1932 கோடையில் கார்ம்ஸ் கூர்ஸ்க் நகருக்குச் சென்றார். அதே ஆண்டின் பிற்பகுதியில் லெனின்கிராட் திரும்பிவிட்டார்.

திரும்பிய கார்ம்ஸ் வேறொரு எழுத்தாளர். கவிதை குறைந்து, அரைப்பக்க, ஒருபக்க உரைநடைகள் பெருகின. 1933 முதல் 1939 வரை எழுதிய அத்தகைய முப்பதைச் 'சம்பவங்கள்' என்ற பெயரில் ஒரு கொப்பியில் அழகாகப் படியெடுத்து, 1934 இல் மணமுடித்த மனைவி மரீனா மாலிச்சுக்குச் சமர்ப்பித்தார். நான் பஸ்ஸில் படித்துத் தரிப்பிடத்தைத் தவறவிட்டது இவற்றைத்தான். ஒன்றில் கிழவிகள் ஒருவர் பின் ஒருவராக, அளவு மீறிய ஆவலால் எட்டிப் பார்த்து, யன்னலிலிருந்து விழுந்து சாகிறார்கள், பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சலித்துவிடுகிறது, அவர் சந்தைக்குப் போய்விடுகிறார். இன்னொன்றில் ஒரு செந்தலை மனிதனை அறிமுகப்படுத்துகிறார். அவனுக்குக் கண் இல்லை, காது இல்லை, தலைமயிரும் இல்லை. உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, இறுதியில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாமற் போகிறது. இது 1937 ஜனவரியில் எழுதப்பட்டது. அந்த ஆண்டிலேயே நண்பர் ஒலெய்னிகொவ் கைதாகி, நொவெம்பர் 24 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த வருடம் ஸபொலோத்ஸ்கி கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஒரு மனிதனைச் சிறிது சிறிதாக அழித்துவிட்டு, அவனைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது என்று ஒரு சமூகமே முடிவெடுக்கும் காலத்தில், இதனை அபத்த இலக்கியம் என்று அழைப்பது எந்தளவுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது செய்தி அறிக்கையாகவே படுகிறது.

அதே 1937 இல் 'சிறுகுருவி' சஞ்சிகையில் ஒரு சிறுவர் பாட்டு வெளியானது. ஒரு மனிதன் கைத்தடியும் பையுமாக வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். உண்ணாமல் உறங்காமல் நடக்கிறான். ஒருநாள் விடியலில் காட்டுக்குள் நுழைந்து காணாமற் போகிறான். யாராவது அவனைக் கண்டால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டு முடிகிறது பாட்டு. சிறுவர்கள் சிரித்திருப்பார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஒரு வருடம் அவரது எழுத்து எதுவும் அச்சாகவில்லை, பணமும் வரவில்லை. அவரது நாட்குறிப்புகளில் அக்காலப் பட்டினி எவ்வித அலங்காரமுமின்றிப் பதிவாகியிருக்கிறது. காணாமற் போனவர்களைப் பற்றிய துண்டுச் செய்திகளை எத்தனையோ தடவை பக்கத்தில் வைத்த எனக்கு, அந்தப் பாட்டைத் திரும்பப் படிக்க மனம் வருவதில்லை.

1941 ஒகஸ்ட் 23 இல் இரண்டாவது தடவையாகக் கைதானார். போரில் தோல்வி வரும் என்று பேசினார் என்பது குற்றச்சாட்டு. மனநோயாளி என்று தீர்மானித்துச் சிறை வைத்தியசாலையில் அடைத்தார்கள். செப்டெம்பர் 8 இல் ஜேர்மன் படை நகரை முற்றுகையிட்டது. அது 872 நாட்கள் நீடித்தது. அந்த முதற் குளிர்காலத்தில், 1941 நொவெம்பர் பிற்பகுதி முதல் டிசெம்பர் பிற்பகுதி வரை, தொழிலாளர் அல்லாதோருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண்தான் பங்கீடு. நகரத்தவருக்கே அந்த நிலை என்றால் கைதிகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. 1942 பெப்ரவரியில் மரீனா தன் பங்கிலிருந்து மிச்சம் பிடித்த உணவைச் சிறு பொதியாகக் கட்டிக்கொண்டு, உறைந்த நேவா நதியைக் கடந்து சிறைக்கு நடந்தார். யன்னலில் இருந்தவர் பொதியை வாங்கினார். சற்று நேரத்தில் அந்தப் பொதி திரும்பி வந்தது. இரண்டாம் திகதி இறந்துவிட்டார் என்றார்கள். கார்ம்ஸுக்கு வயது 36.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். மாயாகோவ்ஸ்கி வீதியிலிருந்த அவர்களது குடியிருப்புக் கட்டடம் குண்டுவீச்சில் சேதமுற்றிருந்தது. குளிருக்குக் கதிரைகளையும் புத்தகங்களையும் எரித்துக் கைகாய்ந்துகொண்டிருந்த நகரம் அது. அந்த வீட்டில் கிடந்த கையெழுத்துப் பிரதிகள் யாரோ ஒருவரின் அடுப்பில் அரை மணித்தியாலம் எரிந்திருக்கும்.

யாக்கொவ் துருஸ்கின் என்றொரு நண்பர் இருந்தார். மெய்யியல் படித்தவர்; பியானோவும் கணிதமும் கற்றவர்; பாடசாலையில் படிப்பித்து வாழ்ந்தவர். எழுத்தாளர் என்று அவரை எவரும் அப்போது அறியவில்லை. கார்ம்ஸ் கைதான பின்னர், 1941 இன் இறுதி மாதங்களில், பசியால் நடக்கவே முடியாத நிலையில் அவர் நகரின் மறுகரையிலிருந்து நடந்து வந்தார். மரீனாவும் அவரும் அந்த வீட்டுக்குள் புகுந்து, அகப்பட்ட கொப்பிகளையும் தாள்களையும் ஒரு சூட்கேசில் அடைத்தார்கள். சிறுவர்கள் விளையாடும் பனிச்சறுக்கு வண்டியில் அதை வைத்து இழுத்துச் சென்றார் என்று சொல்வார்கள். விவெதென்ஸ்கியின் எழுத்துகளில் கார்ம்ஸிடம் இருந்த பிரதிகளும் அந்தச் சூட்கேசில் இருந்தன. விவெதென்ஸ்கி 1941 டிசெம்பரில் கைதிகள் புகையிரதத்தில் இறந்துபோனார். அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி அழிந்தது. தப்பியவற்றுள் பெரும்பாலானவை இந்தச் சூட்கேசிலிருந்தவை.

நகரை விட்டு யூரல் பிரதேசத்துக்கு வெளியேற்றப்பட்டபோதும் துருஸ்கின் அதைக் கைவிடவில்லை. அதனிலும் என்னை அதிகம் கலக்கியது வேறொன்று. பல்லாண்டுகள் அவர் அந்தச் சூட்கேசைத் திறந்து பார்க்கவேயில்லை. உடையவர்கள் திரும்பி வருவார்கள், அவர்களிடமே ஒப்படைப்போம் என்று காத்திருந்தார். வரமாட்டார்கள் என்று மனம் ஒப்பிய பின்னரே திறந்தார். அறுபதுகளில் மெய்லாக், அலெக்ஸாந்திரொவ் முதலிய இளம் ஆய்வாளர்களிடம் அவற்றைக் காட்டினார். 1960 இல் சகோதரியின் விண்ணப்பத்தின் பேரில் கார்ம்ஸ் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. அதன்பிறகும் சிறுவர் எழுத்துகளுக்கே முதலில் அனுமதி கிடைத்தது. கிபியனின் ஆங்கிலத் தொகுப்பு முதலில் 1971 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1978 இலிருந்து ஜேர்மனியின் பிறேமன் நகரில் கவிதைகள் ருஷ்ய மொழியில் வரத் தொடங்கின. சோவியத் மண்ணில் ஒரு கனமான நூல் வருவதற்கு 1988 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. துருஸ்கின் 1980 இல் காலமானார். மரீனா போர்க்காலத்தில் ஜேர்மனியர் கையில் அகப்பட்டு, ஐரோப்பாவில் அலைந்து, வெனிசுவேலாவரை சென்று வாழ்ந்தார். தொண்ணூறுகளில் ஓர் ஆய்வாளர் அவரைத் தேடிப்பிடித்து நினைவுகளைப் பதிவுசெய்தார். நேவாவைக் கடந்து போன அந்தப் பொதியின் கதை அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

நில்விச்சின் கட்டுரை என்னவாயிற்று? அதுவும் பிழைத்திருக்கிறது. மாணவர் விடுதியில் நடந்த அந்தக் கடைசி நிகழ்ச்சியைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். கொல்ல எழுதியது, சாட்சியாகிவிட்டது.

இப்போது என் காரணத்தைச் சொல்லவேண்டும்.

1976 ஆம் ஆண்டில், நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்து அதிக காலமாகாத ஒரு பத்திரிகையின் வாரப் பதிப்புக்கு, வடபகுதி ஆசிரியர் ஒருவர் தாமே அச்சிட்ட 24 பக்கக் கவிதைப் பிரசுரம் ஒன்றை அனுப்பியிருந்தார். சொற்கள் துண்டுதுண்டாக உடைந்து பக்கமெங்கும் சிதறிக் கிடந்தன. சில இடங்களில் வெறும் ஒலிகள். அப்போது கார்ம்ஸின் பெயரையோ ஸாஉம் என்ற சொல்லையோ நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்த ஆசிரியரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். மாலைக்குள் ஒரு பத்தியை நிரப்பவேண்டியிருந்தது. 'அச்சுக்கோப்பவர் தும்மியபோது' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். அலுவலகம் முழுவதும் சிரித்தது. ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிரசுரத்தைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

இரண்டு மாதங்களின் பின், இரவு மெயிலில் கொழும்பு வந்த அவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். வெள்ளை வேட்டி, சேர்ட். கையில் ஒரு குடை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, அந்தப் புத்தகம் இருந்தால் தாங்கோ. என்னட்டைக் கனக்கப் பிரதி இல்லை" என்றார்.

"தேடி எடுத்து அனுப்பிவிடுறன் மாஸ்டர்" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பின் அவர் கவிதை எழுதியதாக எவரும் சொல்லக் கேட்கவில்லை. என்னுடைய ஒரு பத்தியால்தான் நிறுத்தினார் என்று நினைப்பது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வதாகவும் இருக்கலாம். மருதானையில் வாங்கிய புத்தகத்தில் கார்ம்ஸின் கதையை அறிந்த அந்த இரவில் அவர் முகம் நினைவுக்கு வந்தது. அப்போதே விலாசம் தேடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய மகள். தகப்பனார் காலமாகிச் சில மாதங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வலிகாமத்து வீட்டில் விட்டுவந்தவற்றில் அவரது புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. ஆனால் உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், படங்கள் என்பவற்றோடு அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையொன்றில் ஒரு பத்திரிகைத் துணுக்கு இருந்ததாம். அதன் அடியில் என் பெயரின் முதலெழுத்துகள். யாருடையவை என்று பலரிடம் விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். "ஐயா, அப்பா ஒரு கவிதைப் புத்தகம் போட்டவர் என்று அம்மா சொல்லுவா. நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. நீங்கள் விமர்சனம் எழுதியபடியால் உங்களிடம் ஒரு பிரதி இருக்குமோ?" என்று கேட்டிருந்தார். துணுக்கை இணைத்திருந்தார். தலைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உண்மையை எழுதினேன். பிரதி இல்லை என்பதையும், அது எங்கே போனது என்பதையும், மாஸ்டர் வந்து கேட்டதையும் எழுதினேன். பதில் வராது என்றிருந்தேன். மூன்றாம் நாள் வந்தது. தகப்பனாரின் கவிதையில் எஞ்சியிருப்பது, அந்த விமர்சனத்தில் கேலிக்காக நான் எடுத்துக் காட்டிய ஒரு பகுதி மட்டும்தான் என்றும், அதைத் தனியே ஒரு தாளில் எழுதிவைக்க விரும்புவதாகவும் கூறி, ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தார். பத்தியில் இடம் போதாதென்று அந்த வரிகளை உரைநடை போல ஒன்றாகச் சேர்த்து அச்சிட்டிருந்தேன். "வரிகள் எங்கே முறிகின்றன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா ஐயா?"

பதினொரு சொற்கள். நேற்றிரவு அவற்றை ஒரு கொப்பியில் ஐந்து விதமாக முறித்து எழுதிப் பார்த்தேன். ஐந்தும் சரியாகத்தான் இருக்கின்றன.